நூற்று முப்பது மில்லியாம்பியர்

மூன்று நாள் நிறுத்தினால்
நான்காம் நாள் கிளம்ப மாட்டேன் என்கிறது வண்டி.
பேட்டரி புதிது. ரசீதின் மடிப்புகூட இன்னும் கலையவில்லை.

ஔலுவின் வடக்கோரம், வாடகைக் கொட்டகை.
மே மாதம். இரவு பதினொன்றாகியும்
போக மனமில்லாத விருந்தாளியைப் போல
வாசலில் நிற்கிறது வெளிச்சம்.
பகலில் நான் காதுக்கருவி பழுதுபார்ப்பவள்.
கடுகளவு மைக்குக்கு மயிரிழை வயரைப் பற்றவைக்கும் கை
இங்கே சுண்டுவிரல் தடிமன் கேபிளைப் பிடித்துக்கொண்டு
கூச்சப்படுகிறது.

ஜூனில் இனாரி ஏரியைச் சுற்றிக்கொண்டு
சாலை தீரும்வரை போக உத்தேசம்.
வழிகாட்டித் திரை வேண்டும்,
கலைமான் குறுக்கிட்டால் காட்டிக்கொடுக்க
இரண்டு மஞ்சள் விளக்கு,
விரல் மரக்காமலிருக்கச் சூடேறும் கைப்பிடி.
திரையை நட்டநடுவில் பொருத்தினேன்;
பெட்ரோல் மூடி திறக்கவில்லை.
ஒரு விரற்கடை இடப்பக்கம் தள்ளினேன்;
கிளட்ச் கேபிள் முழங்கை வைத்து இடித்தது.
கடைசியில் கொஞ்சம் கோணலாக, கொஞ்சம் தாழ்வாக,
வேண்டாத கல்யாணத்துக்கு வந்தவன் போல
உட்கார்ந்திருக்கிறது.
ஹேண்டிலை இடக்கோடிவரை ஒடித்து
வலக்கோடிவரை ஒடித்து
வயருக்கு எவ்வளவு தொய்வு என்று அளந்த பிறகே
பட்டையை இறுக்கினேன்.

எல்லாம் சரி.
கசிவு மட்டும் எங்கே என்று தெரியவில்லை.

நெகட்டிவ்வைக் கழற்றி
இடையில் மீட்டரை நுழைத்தேன்.
சாவி என் சட்டைப்பையில்.
வண்டி தூங்கவேண்டும்.
நூற்று முப்பது மில்லியாம்பியர் என்றது மீட்டர்.
ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்,
ஹாரன், பிரேக் விளக்கு, பெயர் தெரியாத ஒன்று.
நூற்று முப்பது.
எல்லாப் பல்லும் போன வாயாய்ப் பெட்டி இளித்தது.
அப்போதும் நூற்று முப்பது.

மீட்டரைப் பிடுங்கி மறுபடி தொட்டேன்.
டிக்.
மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது.
என் பிழைப்பே அந்த அளவுச் சத்தங்கள்தான்.
பின்னிருக்கைக்கு அடியில்,
கறுப்பு டேப் சுற்றிய பொட்டலம்.
தொட்டால்
இளஞ்சூடு.

உள்ளே ஒரு ரிலே.
சாவியைக் கேட்காமல் நேரே பேட்டரியிலிருந்து குடித்தபடி
இரவும் பகலும் ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தது.
கதவுக்கு அப்பால் ஒரு வயர்,
வயரின் முனையில் ஒரு பிளக்,
பிளக்குக்கு அப்பால் ஒன்றுமே இல்லை.

விற்றவருக்குப் போன் செய்தேன்.
கயானியில் இருக்கிறார், வெய்யோ ஹெய்க்குரா.
திட்டுவதற்கு வாக்கியங்கள் தயாராக இருந்தன.
"அதுவா, அது புல்லாவுக்கு" என்றார்.
ஏலக்காய் ரொட்டியின் பெயர் வைத்த நாய்.
பின்னால் பெட்டி, பெட்டிக்குள் சூடேறும் விரிப்பு.
"நான் காபி குடிக்க இறங்கினால்
சாவியும் என்னோடு இறங்கிவிடும்.
அதற்குக் குளிருமே."

தப்பான வயரிங்தான். அவரிடம் சொன்னேன்.
ஒப்புக்கொண்டார்.
பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
போன செப்டம்பரில் புல்லா
பெட்டியருகே போய் நின்று
ஏறாமல் திரும்பிவிட்டதாம்.
இடுப்பு.
மறுநாளே விளம்பரம் கொடுத்திருக்கிறார்.
"விரிப்பு இங்கேதான் கிடக்கிறது, அடுப்புக்குக் கீழே.
அந்த பிளக் மட்டும் இல்லை.
அந்த மாதிரி இப்போது கிடைப்பதில்லை."

ஒரு சாண் விட்டு வெட்டினேன்.
பாசிட்டிவ்வில் சிவப்பு நூல் கட்டி
பழைய காதுக்கருவி டப்பாவில் வைத்து
விலாசம் எழுதினேன்.
எந்த அடாப்டர் என்று ஒரு சீட்டு,
இரண்டு ஆம்பியருக்கு மேல் போகவேண்டாம் என்று
அடிக்கோடிட்டு.

ரிலேயை எறியவில்லை. நல்ல ரிலே.
சாவிக்குக் கட்டுப்படும்படி மாற்றி
மஞ்சள் விளக்குகளுக்குக் கொடுத்தேன்.
ஃபியூஸ் ஒன்று சேர்த்தேன்.
விளக்கு போட்டதும்
எதிர்ச்சுவரில் தொங்கிய பனிமண்வாரிக்கு
திடீரென்று இரண்டு நிழல்.

சாவியை எடுத்தேன். டிக்.
மீட்டரில் ஒரே ஒரு மில்லியாம்பியர்.
அது கடிகாரம்.
ஏழு நிமிடம் பிந்தி ஓடுகிறது.
ஓடட்டும்.